லாபமா, ஆசையா? சினிமாக் கணக்குக்கு ஒரு மாந்தோப்பு

ஒரு படம் படுத்துவிட்டால் "காசு பார்க்கத்தானே எடுக்கிறாங்க, கதையைப் பத்தி யாருக்குக் கவலை" என்கிறோம். நன்றாக இருந்த படம் ஓடாமல் போனால் அதே வாய் "பாவம், சினிமா மேல உள்ள ஆசையில எடுத்த மனுஷன்" என்கிறது. டீக்கடையில் தொடங்கி யூடியூப் பேட்டி வரைக்கும் இந்த இரண்டு கட்சிதான். ஒரு கட்சிக்குச் சினிமா வட்டிக்கடை, இன்னொரு கட்சிக்குக் கோயில்.

என் பெரியப்பா எண்பதுகளில் மதுரைப் பக்கம் ஒரு விநியோகக் கம்பெனிக்கு 'ரெப்' வேலை பார்த்தவர். ரெப் என்றால் பிரதிநிதி. படப்பெட்டி போகும் ஊருக்கெல்லாம் கூடவே போய், விற்ற டிக்கெட்டைச் சரிபார்த்து, அன்றன்றைய வசூல் கணக்கை எழுதிக் கம்பெனிக்கு அனுப்புகிற ஆள். வீட்டில் இந்தச் சண்டை வந்தால் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு ஒன்றைத்தான் கேட்பார்: "சினிமாக்காரன்னு யாரைடா சொல்ற?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் பிரித்துப் பார்க்கிறது. ஒரு படத்துக்குள் ஐந்தாறு பேருடைய பணம் கிடக்கிறது. அது ஒவ்வொருவருக்கும் திரும்பி வரும் நேரம் வேறு, வழியும் வேறு. யாருக்குக் காசு கைக்கு வந்துவிட்டது, யாருக்கு இன்னும் வரவில்லை என்று பார்க்கப் பழகினால், ஒரு படம் ஏன் அப்படி இருக்கிறது என்பதில் பாதி விளங்கிவிடும்.

## முதலில் தோப்பு

நத்தம் பக்கம் ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தை மாதம் பூ விட்டதும் வியாபாரிகள் வந்து நிற்பார்கள். தோட்டக்காரர் மூன்று விதமாகப் பேசலாம்.

ஒன்று, மொத்தக் குத்தகை. பூவைப் பார்த்தே ஒரு விலை பேசி, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவது. அதன்பிறகு ஆலங்கட்டி மழை பெய்தாலும், மரம் முறிய முறியக் காய்த்தாலும் அது குத்தகைக்காரர் பாடு.

இரண்டு, குறைந்தபட்சம் இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் விளைந்தால் அதிலும் ஒரு பங்கு கேட்பது.

மூன்று, காயைத் தானே பறித்து மண்டிக்கு அனுப்புவது. மண்டிக்காரர் விற்றுக் கொடுத்துவிட்டுக் கமிஷன் எடுத்துக்கொள்வார். விலை விழுந்தால் நட்டம் தோட்டக்காரர் தலையில்.

இப்போது புயல் அறிவிப்பு வருகிறது. யாருக்குத் தூக்கம் வராது? முதல் பேச்சில் குத்தகைக்காரருக்கு. மூன்றாவதில் தோட்டக்காரருக்கு. மண்டிக்காரர் எப்போதும் தூங்குவார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குத்தகைக்காரருக்கு அந்த ஒரு பருவம்தான். மரத்துக்கு எரு வைக்க வேண்டும், கவாத்து செய்ய வேண்டும் என்ற கவலை அவருக்கு இல்லை. கல் வைத்துப் பழுக்க வைத்தாவது விலை இருக்கும்போதே சந்தைக்கு அனுப்பப் பார்ப்பார். தோட்டக்காரருக்கோ மரம் அடுத்த வருடமும் வேண்டும். குத்தகைக்காரர் பேராசைக்காரர், தோட்டக்காரர் மரத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர் என்று இதைக் கதையாகச் சொல்லலாம். இருவரையும் இடம் மாற்றி உட்கார வையுங்கள், மறு வாரமே குணமும் இடம் மாறிவிடும்.

## தோப்பிலிருந்து கோடம்பாக்கத்துக்கு

சினிமாவில் தோட்டக்காரர் இடத்தில் தயாரிப்பாளர் இருக்கிறார். பெரும்பாலும் மொத்தப் பணமும் அவருடையதாக இருக்காது. பைனான்சியரிடம் வட்டிக்கு வாங்கியிருப்பார். இந்திய அரசு சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து அறிவித்ததே 1998-இல்தான். அதுவரை வங்கிகள் சினிமாவை எட்டியே நின்று பார்த்தன. அதற்குப் பிறகும் இங்கே படப்பிடிப்புக்கான பணம் பெரும்பாலும் தனியாரிடம்தான் புரள்கிறது.

படம் முடிந்ததும் அதை விநியோகஸ்தர்கள் வாங்குவார்கள். தமிழ்நாட்டைச் சென்னை, செங்கல்பட்டு, கோவை, சேலம், திருச்சி, மதுரை, நெல்லை என்று 'ஏரியா'க்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மாவட்ட எல்லைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு, இது பழைய வியாபார வரைபடம். ஏரியா விநியோகஸ்தர் தன் பகுதித் தியேட்டர்களுக்குப் படத்தைக் கொடுப்பார்.

தோப்பில் பார்த்த மூன்று பேச்சும் அப்படியே இங்கே உண்டு. மொத்தக் குத்தகைக்கு 'அவுட்ரைட்' என்று பெயர். இரண்டாவது 'எம்.ஜி.', அதாவது மினிமம் கேரண்டி. ஒரு தொகையைத் தயாரிப்பாளருக்கு உறுதியாகக் கொடுத்துவிட வேண்டும். போட்ட பணமும் செலவும் கமிஷனும் போக மிஞ்சி வந்தால் அந்த 'ஓவர்ஃப்ளோ' இருவருக்கும் பங்கு. மூன்றாவது 'டிஸ்ட்ரிபியூஷன்' பேச்சு: விநியோகஸ்தர் மண்டிக்காரர் மாதிரி கமிஷன் மட்டும் எடுப்பார், படம் விழுந்தால் தயாரிப்பாளர் தலையில்.

2002-இல் 'பாபா' எதிர்பார்த்தபடி ஓடாதபோது விநியோகஸ்தர்களுக்கு ரஜினிகாந்த் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அது அவருடைய பெருந்தன்மை என்று ஊர் பேசியது. பெருந்தன்மைதான், ஏனென்றால் விற்றுக் கைமாறிய தோப்பில் புயல் அடித்தால் தோட்டக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. அதே சமயம் அடுத்த வருடமும் தோப்பு இருக்கிறது, அதே குத்தகைக்காரர்கள்தான் வர வேண்டும். இதில் எத்தனை பங்கு மனசு, எத்தனை பங்கு கணக்கு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? நான் முயலவில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: படத்தின் ஆபத்து ஒரே ஆளிடம் இருப்பதில்லை. பேச்சைப் பொறுத்துக் கைமாறிக்கொண்டே போகிறது. ஆபத்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வெள்ளிக்கிழமை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

## நூறு கோடி போஸ்டர்

லாபம் பற்றிய குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. "100 கோடி வசூல்" என்று போஸ்டர் ஒட்டினால், தயாரிப்பாளர் வீட்டில் 100 கோடி இறங்கிவிட்டதாக நினைக்கிறோம்.

ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை விலை 150 ரூபாய் என்று வைப்போம். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, உள்ளாட்சிக் கேளிக்கை வரி இரண்டும் ஏறினால் நீங்கள் கொடுப்பது 180 ரூபாயைத் தாண்டிவிடும். ஆன்லைனில் எடுத்தால் அந்தக் கட்டணம் தனி. போஸ்டரில் ஏறுவது பெரும்பாலும் இந்த வரியோடு சேர்ந்த தொகை. அதற்குப் பெயர் 'கிராஸ்'.

வரியைக் கழித்தால் மிஞ்சும் 150 ரூபாயைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்வார்கள். பெரிய ஸ்டார் படத்துக்கு முதல் வாரத்தில் விநியோகஸ்தர் பக்கம் கூடுதலாகக் கேட்பார்கள், சின்னப் படத்துக்குப் பேச்சே வேறு. பாதிப் பாதி என்று வைத்தால் 75 ரூபாய். விநியோகஸ்தர் பக்கம் வரும் இந்தத் தொகைக்குத்தான் 'ஷேர்' என்று பெயர். அதிலும் விளம்பரச் செலவு, டிஜிட்டல் திரையிடல் கட்டணம், கமிஷன் எல்லாம் கழிய வேண்டும்.

ஆக 100 கோடி கிராஸ் என்றால், ஷேர் ஏறத்தாழ 40 கோடி. 60 கோடி செலவில் எடுத்த படம் 100 கோடி போஸ்டரோடு தியேட்டரில் 20 கோடிக்கு மேல் பள்ளம் விழுந்திருக்கலாம். "நூறு கோடி சம்பாதிச்சும் ஆசை அடங்கலையே" என்று திட்டுவதற்கு முன்னால் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பங்கு பிரிப்பில் இன்னொரு நுட்பம் உண்டு. 2009-இல் இந்தித் தயாரிப்பாளர்களும் மல்டிபிளக்ஸ்காரர்களும் ஏப்ரலில் தொடங்கி இரண்டு மாதம் போல மல்லுக்கட்டி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். விநியோகஸ்தருக்கு முதல் வாரம் 50 சதவீதம், அடுத்த வாரம் 42.5, பிறகு 37.5, அதன்பின் 30. இந்த இறங்குமுகத்தைப் பாருங்கள். படம் எத்தனை நாள் தாக்குப் பிடிக்கிறது என்பதைவிட முதல் வாரம் எவ்வளவு கூட்டம் என்பதே படத்தை வாங்கியவருக்கு முக்கியமாகிவிடுகிறது. டீசர், ட்ரெய்லர், பாடல் வெளியீடு, அதிகாலைக் காட்சிக்கான சண்டை எல்லாம் கல் வைத்துப் பழுக்க வைக்கும் வேலைதான். நூறு நாள் ஓடிய படம் என்ற பேச்சு அடங்கிப்போனதற்கு ரசனை கெட்டது காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான திரைகளில் ஒரே நாளில் ஏற்றினால் நூறு நாள் கூட்டம் பத்து நாளில் தீரும், அவ்வளவுதான்.

## படம் வரும் முன்பே வந்துவிட்ட லாபம்

தியேட்டர் போக, டிவி உரிமை, ஓடிடி உரிமை, பாட்டு உரிமை, வேற்றுமொழி டப்பிங் உரிமை, வெளிநாட்டு உரிமை என்று ஒரு படத்துக்குப் பல கிளைகள். இவை எல்லாம் சேர்ந்து படம் வெளிவரும் முன்பே செலவைத் தாண்டிவிட்டால் அதை 'டேபிள் பிராஃபிட்' என்பார்கள். மேசையில் உட்கார்ந்தபடியே வந்த லாபம்.

முன்பணம் தருகிறவர் இன்னும் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். படமே இல்லாதபோது எதை நம்பிக் கொடுப்பார்? ஹீரோவின் முகத்தை நம்பி. பைனான்சியரும் அதைத்தான் கேட்பார், ஏரியாக்காரரும் அதைத்தான் கேட்பார். நகைக்கடன் வாங்கப் போனால் நகை எத்தனை பவுன் என்று கேட்பது போல, "ஹீரோ யாரு?" சினிமாக் கடனுக்கு ஸ்டார்தான் ஈடு.

இதைப் புரிந்துகொண்டால் ஸ்டார் சம்பளம் ஏன் மலைபோல நிற்கிறது என்பது விளங்கும். நடிப்புக்கு மட்டும் கொடுக்கும் கூலி என்று பார்த்தால் அது நியாயமாகத் தெரியாது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் மற்ற பணம் எதுவும் உள்ளே வராது என்பதற்கான விலை அது. கதைக்கு ஒட்டாத இடத்தில் வரும் குத்துப்பாட்டும் இந்த வகைதான். பெரும்பாலும் இயக்குநரின் ஆசையில் பிறப்பதில்லை, ஏரியா விற்க வேண்டிய கட்டாயத்தில் பிறக்கிறது.

வட்டி மாதாமாதம் ஓடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. கடன் பாக்கி தீராவிட்டால் வெளியீட்டுக்கு முந்தின ராத்திரி பஞ்சாயத்து நடக்கும். படம் இப்போது பெட்டியில் போவதில்லை. கேடிஎம் என்ற டிஜிட்டல் சாவி வந்தால்தான் தியேட்டரில் திறக்கும். பஞ்சாயத்து முடியாவிட்டால் சாவி வராது. ரசிகர்கள் பாலாபிஷேகம் செய்துவிட்டு நிற்க, காலைக் காட்சி ரத்து என்று பலகை தொங்கியதைப் பார்த்திருப்பீர்கள். 2020-இல் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது 'பொன்மகள் வந்தாள்' நேராக ஓடிடிக்குப் போனது. தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். சினிமாவின் மேல் பக்தி இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு. முடிந்த படத்தை அலமாரியில் வைத்திருந்தால் வட்டி மட்டும் பொது முடக்கத்தில் இருக்காது.

சுருக்கம்: படத்தின் வடிவத்தை முடிவு செய்வது கடைசியில் வரும் லாபத்தைக் காட்டிலும் முதலில் வரும் பணம். முதலில் பணம் கொடுக்கிறவர் எதைப் பார்த்துக் கொடுக்கிறாரோ அதுதான் படத்தில் முன்னால் நிற்கும்.

## ஜில்லு எப்படிச் சில்லு ஆனது

பணத்தின் திசை மாறினால் சினிமாவின் குணம் மாறுமா என்று சோதித்துப் பார்க்க முடியுமா? நம் ஊரில் யாரும் திட்டமிடாமலே ஒரு சோதனை நடந்திருக்கிறது.

2006 ஜூலையில், தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று அப்போதைய மு. கருணாநிதி அரசு அறிவித்தது. அதற்குச் சற்று முன்புவரை படப்பெயர்களில் ஆங்கிலம் தாராளமாகப் புழங்கியது, தமிழ் அமைப்புகள் போராட்டமெல்லாம் நடத்திப் பார்த்தன. அறிவிப்பு வந்ததும் நடந்ததைப் பாருங்கள். 'எம்டன் மகன்' என்பது 'எம் மகன்' ஆனது. 'சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்' படத்தின் இரண்டு சம்திங்கும் உதிர்ந்தன. 'ஜில்லுன்னு ஒரு காதல்', 'சில்லுனு ஒரு காதல்' ஆனது. இலக்கண ஆசிரியர் பிரம்பெடுத்தும் போகாத ஜகரம் வரிச்சலுகையைப் பார்த்ததும் தானாகப் போனது!

2011-இல் ஆட்சி மாறியதும் நிபந்தனை கூடியது. 'யு' சான்றிதழ் வாங்கிய படத்துக்குத்தான் விலக்கு. உடனே சென்சார் அலுவலகத்தில் 'யு' வாங்குவது வாழ்வா சாவா பிரச்சினை ஆனது. ஒரு காட்சியை வெட்டினால் 'யு/ஏ' என்பது 'யு' ஆகும் என்றால், கலை நியாயம் பேசிக்கொண்டிருக்க எந்தத் தயாரிப்பாளருக்கும் கட்டுப்படியாகாது. குடும்பத்தோடு பார்க்கத்தக்க படங்கள் வந்த காலம் என்று அதைச் சிலர் நினைவு கூர்கிறார்கள். அதில் வரித்துறைக்கும் ஒரு நன்றி அட்டை போட்டிருக்கலாம்.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. தமிழ்ப் பெயருக்கான விலக்கு அர்த்தமற்றுப் போனது. அதற்குப் பிறகு வந்த பெரிய படங்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: 'மாஸ்டர்', 'டாக்டர்', 'பீஸ்ட்', 'ஜெயிலர்'.

இந்தப் பதினோரு வருடத்தில் சினிமாக்காரர்களுக்குத் தமிழ்ப் பற்று வந்து போனது என்று சொல்வதா? அதே ஆட்கள், அதே ரசனை. நடுவில் ஒரு அரசாணை வந்தது, பிறகு ஒரு வரிச் சட்டம் வந்தது. சினிமா பணத்துக்கு வளைகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேரான ஆதாரம் இல்லை. ஆனால் என்ன வளைந்தது என்பதையும் பாருங்கள். பெயரும் ஒன்றிரண்டு காட்சியும். இன்ன படம் எடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தை அந்த வரிவிலக்கு கொடுக்கவில்லை.

## சரி, அந்தத் தீர்மானம் எங்கிருந்து வருகிறது?

வெறும் லாபம்தான் குறி என்றால் சினிமாவைவிட நல்ல இடங்கள் எத்தனையோ. தமிழில் ஆண்டுக்கு 200-க்கும் மேல் படங்கள் வருகின்றன. அதில் போட்ட பணத்தை எடுப்பவை கொஞ்சமே என்பது தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தப் பணத்துக்குத் தாம்பரம் தாண்டி நிலம் வாங்கிப் போட்டால் தூங்கலாம். ஆகவே உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் கணக்குக்கு அடங்காத ஏதோ ஒன்று இருக்கிறது. கலைமேல் உள்ள ஆசை, புகழ் ஆசை, லாட்டரி ஆசை, சினிமாக்காரர்கள் நடுவில் நாற்காலி போட்டு உட்காரும் ஆசை. எல்லா ஆசையும் கலை ஆசை ஆகிவிடாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

எஸ்.எஸ். வாசன் 'சந்திரலேகா'வை ஐந்து வருடம் போல எடுத்தார். செலவு 30 லட்சம் என்பார்கள். நாற்பதுகளில் அது கேட்டாலே தலை சுற்றும் தொகை. சொத்தை அடமானம் வைத்தார். 1948-இல் படம் வந்தபோது அவ்வளவு முதலைத் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் மட்டும் மீட்டுத் தர வழியில்லை. அதே ஆண்டு இந்தியிலும் வெளியிட்டு, வடநாடே திரும்பிப் பார்க்கும்படி விளம்பரம் செய்தார். அந்த முரசு நடனத்துக்கு அத்தனை பேரை நிறுத்தியது ஆசையா, இந்தியா முழுக்க விற்கும் திட்டமா? இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் உதவும்: 'மூழ்கிய செலவு'. ஏற்கெனவே செலவழித்து, இனி எப்படியும் திரும்ப எடுக்க முடியாத பணம். பாதி எடுத்த படம் யாருக்கும் விற்காது. பத்து ரூபாய் போட்டாயிற்று, இன்னும் ஐந்து போட்டு முடித்தால் அந்த ஐந்தைவிடக் கூடுதலாகத் திரும்பும் என்ற நிலை வந்தால், பிடிவாதமான கலைஞனும் கணக்குப் பார்க்கிற வியாபாரியும் ஒரே முடிவைத்தான் எடுப்பார்கள். வெளியே நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் வெறியாகத் தெரியும்.

கண்ணதாசன் கதை வேறு மாதிரி. 1958-இல் 'மாலையிட்ட மங்கை' எடுத்தார், ஓடியது. அந்தத் தெம்பில் அடுத்த வருடம் 'சிவகங்கைச் சீமை'. அதே வேளையில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்து நின்றது, சீமை தாங்கவில்லை. 1960-இல் 'கவலை இல்லாத மனிதன்'. பெயருக்கு நேர்மாறாகக் கவிஞருக்குக் கடனையும் கவலையையும் கொடுத்துவிட்டுப் போனது. பாட்டு எழுதிய கூலியெல்லாம் கடனுக்குப் போன காலத்தை அவரே பிறகு ஒளிக்காமல் எழுதினார். பாட்டெழுதும்போது அவர் மண்டிக்காரர் மாதிரி, படம் விழுந்தாலும் கூலி வந்துவிடும். தயாரிப்பாளரானதும் தோட்டக்காரர். அதே மனிதர், அதே சினிமா ஆசை. உட்கார்ந்த நாற்காலி மட்டும் வேறு.

கமல்ஹாசன் 1981-இல் தன் சொந்தத் தயாரிப்பில் 'ராஜ பார்வை' செய்தார். பேர் கிடைத்தது, பணம் திரும்பவில்லை. 1982-இல் ஏவிஎம்முக்கு 'சகலகலா வல்லவன்'. ஊரே கொண்டாடியது. இந்த இரண்டையும் வைத்து "சமரசம் ஆயிட்டாரு" என்று ஒரு தலைமுறை பேசியது. ஆசைக்கும் எங்கிருந்தாவது ஒருவர் பணம் கட்ட வேண்டும், பல சமயம் அது கலைஞனின் இன்னொரு படம் கட்டுகிற பணம் என்றுதான் நான் பார்க்கிறேன். 'காக்கா முட்டை' 2015-இல் தியேட்டருக்கு வந்ததும் இந்த வழிதான். இரண்டு சிறுவர்களை நம்பி எடுத்த படம். ஈடாக வைக்க ஸ்டார் முகம் இல்லை. ஆனால் தயாரித்தவர்கள் தனுஷும் வெற்றிமாறனும். பெரிய படங்களில் சேர்ந்த பேரும் பணமும் அந்த ஈட்டின் இடத்தில் நின்றன.

அப்படி ஒரு கை பின்னால் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' இருக்கிறது. தன் கதையைத் தானே இயக்கினார். தேசிய விருது கிடைத்தது, தியேட்டர் சரியாகக் கிடைக்கவில்லை. அரசே கட்டுகிற வழியும் உண்டு. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் என்ற அரசு நிறுவனம் தயாரித்த 'மறுபக்கம்'தான் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம்.

மீண்டும் சுருக்கமாக: ஆசை இருந்தால் லாபம் இல்லை, லாபம் இருந்தால் ஆசை இல்லை என்ற எதிர்க்கணக்கு இங்கே நிற்காது. ஆசைப் படத்துக்குச் சொந்தச் சொத்தோ, இன்னொரு படத்தின் லாபமோ, அரசின் பணமோ முட்டுக் கொடுக்கிறது. முட்டு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் ஆசை நிற்கும்.

## ஆசையிலிருந்தும் லாபம் எடுக்கலாம்

இந்தப் பகுதியை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கியிருக்கும் உதவி இயக்குநர்களைப் பாருங்கள். படப்பிடிப்பில் விளக்குத் தூக்கும் லைட்மேனுக்குச் சங்கம் பேசிய சம்பளம் உண்டு, நேரம் தாண்டினால் கூடுதல் உண்டு. உதவி இயக்குநர்கள் பலருக்கு வருடக்கணக்கான கதை விவாதத்துக்குச் சாப்பாடும் பேட்டாவும்தான். எழுத்தில் ஒன்றும் இருக்காது. "கத்துக்க வந்திருக்க, காசு முக்கியமா?" என்று கேட்டால் வாயடைத்துப் போகும். ஏனென்றால் அவருக்கு உண்மையிலேயே காசு முக்கியமில்லை.

வங்கிக் குமாஸ்தாவிடம் "உனக்குக் கணக்குப் பிடிக்கும்தானே, பாதிச் சம்பளம் போதும்" என்று யாராலும் சொல்ல முடியாது. பிடித்த வேலைக்கு ஆள் வரிசையில் நிற்பதால் கூலி இறங்குகிறது. அப்படி இறங்கிய கூலி படத்தின் செலவுக் கணக்கில் மிச்சமாகி, யாரோ ஒருவரின் லாபமாக ஏறுகிறது. 'முதல் பிரதி' ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. குறித்த தொகைக்குப் படத்தை முடித்து முதல் பிரதியைக் கையில் கொடுத்துவிட வேண்டும், மிச்சம் பிடித்தால் எடுத்துக்கொடுத்தவருக்கு. அந்த மிச்சம் எளிதாக எங்கே பிடிபடும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டாரிடம் பிடிக்க முடியாது. சங்கம் உள்ளவர்களிடம் பிடிப்பது கஷ்டம். ஆசையோடு வந்தவரிடம் பிடிக்கலாம்.

ஆகவே மேடையில் ஒருவர் "நாங்க காசுக்காகச் சினிமா எடுக்கல" என்று சொன்னால், அவருடைய உதவியாளர்களுக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறதா என்று விசாரிக்கத் தோன்றுகிறது எனக்கு. காசுக்காகத்தான் எடுக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, சனிக்கிழமை சம்பளத்தைச் சனிக்கிழமையே கொடுத்த கம்பெனிகளைப் பற்றிப் பழைய தொழிலாளர்கள் இன்றும் மரியாதையாகப் பேசுவார்கள்.

## பெரியப்பாவின் கடைசி ரீல்

பெரியப்பாவிடம் போன வருடம் கேட்டேன், அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. "நீங்க சம்பளத்துக்குத்தானே பெரியப்பா போனீங்க?"

இரண்டாம் ஆட்டத்துக்கு இடைவேளை விடுவதற்குள் கவுண்டர் அடைத்துவிடும். டிக்கெட் எண்ணைச் சரிபார்த்து, வசூல் தாளில் தியேட்டர் மேனேஜர் கையெழுத்தும் தன் கையெழுத்தும் ஆனதும் ரெப் வேலை முடிந்தது. அறைக்குப் போய்ப் படுக்கலாம். காலையில் அடுத்த ஊர்.

உசிலம்பட்டியில் ஒரு படம், எட்டு நாள் கிடந்தார். கூட்டம் இல்லை. பெயரை அவர் சொன்னார், நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த ஒரு ஊரில் மட்டும் கம்பெனிக்கு விழுந்த பள்ளம் பதினோராயிரத்து நானூற்றுச் சொச்சம் என்று நாற்பது வருடம் கழித்தும் ரூபாய்க் கணக்காகச் சொன்னார். சொல்லிவிட்டு, கடைசி ரீலில் அந்த அம்மா மகனிடம் பேசும் வசனத்தையும் ஒரு சொல் விடாமல் சொன்னார்.

"எட்டு நாளும் உள்ள போய் நின்னு பார்த்தேன்டா. சும்மா, சுவரோரமா."